கார் ஷெட்டில் காருக்கும் இடம் வேண்டாமா?

கேள்வி: எங்கள் கார் ஷெட் 10 அடி அகலம், 16 அடி நீளம். கார் தெருவில் நிற்கிறது. உள்ளே பழைய ஏர்கூலர், தொட்டில், பெயின்ட் டின், மிச்ச டைல்ஸ், அரை மூட்டை சிமென்ட். நான்கு இரும்பு ரேக் வாங்கிப் போட்டால் சரியாகுமா?
– வாசகி, மதுரை

பதில்: ரேக்கைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் வாங்கினால் வேண்டாத சாமானெல்லாம் அதில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

மழை இல்லாத நாளாகப் பார்த்து, காலையிலேயே எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். பாதியை உள்ளே வைத்துக்கொண்டு பிரித்தால் சாமான் இடம் மாறும், குறையாது. வைத்துக்கொள்வது, யாருக்காவது கொடுப்பது, பழைய இரும்புக்கடைக்குப் போவது என மூன்று குவியல் போதும். 'அப்புறம் பார்க்கலாம்' என்று நான்காவது போட்டால் மாலையில் அதுதான் மலையாக நிற்கும்.

சிமென்ட் கட்டி தட்டியிருந்தால் யோசிக்கவே வேண்டாம். பிரிக்காத மூட்டையே மூன்று மாதத்தில் ஈரக்காற்று பட்டு வலு குறையத் தொடங்கும். எமல்ஷன் பெயின்டைத் திறந்து முகர்ந்து பாருங்கள். அழுகல் வாடை வந்தால் கெட்டுவிட்டது. எனாமலில் ஆடை மட்டும் படிந்திருந்தால் அதை எடுத்துவிட்டு, வடிகட்டிப் பூசலாம். வேண்டாத பெயின்டைச் சாக்கடையில் ஊற்றாமல் மரத்தூளில் கொட்டிக் காயவிட்டு, டின்னோடு துப்புரவுப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள்.

டைல்ஸை மட்டும் அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். குழாய் வேலைக்காகத் தரையை உடைத்தால் அதே நிறம் கடையில் கிடைக்காது. ஒவ்வொரு வகையிலும் எட்டுப் பத்து வைத்துக்கொண்டு, பெட்டியில் அச்சிட்ட பேட்ச் எண்ணை வெட்டி அதோடு கட்டி வையுங்கள். மரச்சட்டத்தின் மேல் விளிம்பில் நிற்கும்படி அடுக்குங்கள். மேடுபள்ளத் தரையில் படுக்கவைத்தால் அடியில் இருப்பவை விரிசல் விடும்.

இப்போது காரை மூக்கு உள்ளே போகும்படி, இடப்பக்கச் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி நிறுத்துங்கள். ஓட்டுநர் பக்கக் கதவையும் டிக்கியையும் முழுக்கத் திறந்து, அவை வரும் எல்லையைத் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கோட்டுக்கு வெளியே மிஞ்சுவதுதான் உங்கள் ரேக்குக்கான இடம். நான்கு மீட்டருக்கு உட்பட்ட கார் என்றால் பின்சுவரில் 15 அங்குல ஆழ ரேக் தாராளமாக நிற்கும். ஓட்டுநர் பக்கச் சுவரில் ஓர் அடிக்கு மேல் எதுவும் நீட்ட வேண்டாம். இறங்க இரண்டடியாவது வேண்டும்.

ஸ்லாட்டட் ஆங்கிள் (வரிசையாகத் துளையிட்ட இரும்புச் சட்டம்) ரேக் மாட்டும்போது மூலைத் தகடுகளை விட்டுவிடுவார்கள். கேட்டு வாங்கிப் போடச் சொல்லுங்கள். அது இல்லாமல் ரேக் பக்கவாட்டில் ஆடும். கனமானவை கீழ்த்தட்டில் இருக்கட்டும்; மேல் முனையைச் சுவரோடு பிராக்கெட் வைத்து முடுக்கிவிடுங்கள்.

கேள்வி: ஷெட்டிலேயே இன்வெர்ட்டர் பேட்டரியும், ஜெனரேட்டருக்கான பெட்ரோல் கேனும் வைக்கலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: இரண்டும் ஒரே அறையில் கூடாது. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி வாக்கிலேயே பற்றக்கூடிய ஆவியை விடும். அது காற்றைவிடக் கனம்; தரையோடு பரவி நிற்கும். இன்வெர்ட்டரும் பெரும்பாலும் தரையில்தான் இருக்கிறது, ஒரு பொறி போதும். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வைப்பது இன்னும் மோசம். தேவைப்படும் அன்று வாங்குங்கள்.

பேட்டரி சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் மேலே ஏறும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே வெடிக்கும் என்பதால் கூரையை ஒட்டிக் காற்று போக ஒரு துளை ஜாலியாவது திறந்திருக்க வேண்டும். பழைய பேட்டரியைச் சேர்த்து வைக்காமல், புதிது வாங்கும் கடையிலேயே மாற்றாகக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ரேக் வைத்தும் கரையான் வருகிறதே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: அட்டைப்பெட்டிகளை முதலில் ஒழியுங்கள், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறுங்கள். ரேக்கைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வைத்து, பிராக்கெட்டால் மட்டும் பிடிக்கவிடுங்கள். கரையான் மண்பாதை கட்டி ஏறுவது அப்போதுதான் கண்ணில் படும். ஒட்டி வைத்தால் மேல்தட்டை அரித்த பிறகுதான் தெரியும்.

கேள்வி: சைக்கிளை கான்கிரீட் கூரையில் கொக்கி அடித்துத் தொங்கவிடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: கூரைக்குள் மின்குழாய்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று வெளியே தெரியாது. சுவரே மேல். செங்கல் சுவரென்றால் துளை பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் இரண்டு அங்குலமாவது போக வேண்டும்; பூச்சு எந்தப் பாரத்தையும் தாங்காது. ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடம் உள்ள கல்) சுவரில், திருகைப் பிடிக்கத் துளையில் செருகும் சாதாரண பிளாஸ்டிக் பிளக் உள்ளே சும்மா சுற்றும். அங்கே கொக்கியே வேண்டாம், தரையில் நிற்கும் ஸ்டாண்ட் வாங்குங்கள்.

கேள்வி: பழைய டயர்களைப் போகிக்கு எரிக்கலாம் என்று ஒதுக்கி வைத்திருக்கிறோம்.
– வாசகர், ஆவடி

பதில்: எரிக்காதீர்கள். அந்தக் கரும்புகை தெருவையே மூச்சுத் திணற வைக்கும். போகி வரை காத்திருப்பதும் ஆபத்துதான்: டயருக்குள் தேங்கும் மழைநீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்து பறந்துவிடும். டயர் கடையில் எடுத்துக்கொள்வார்களா என்று இந்த வாரமே கேளுங்கள். அதுவரை கூரைக்கடியில், நீர் புகாமல் மூடி வையுங்கள்.