குளிருக்கு மாடு, கோடைக்குச் சோயா

பிரேசிலின் தென்கோடி மாநிலமான ரியோ கிராண்டே டோ சூலில், ஒரே வயலில் குளிர்காலத்தில் மாடு மேய்த்துவிட்டுக் கோடையில் சோயா விதைக்கிறார்கள். அங்கே சில ஆண்டுகள் வயல்வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: எந்த மாதத்தில் எது நடக்கும்?

பதில்: அங்கே ஜூன், ஜூலைதான் குளிர். சோயா நவம்பர்வாக்கில் விதைத்து, மார்ச், ஏப்ரலில் அறுவடை. பிறகு மாடு மேயக் கருப்பு ஓட்ஸ், ரைகிராஸ் புல். ரைகிராஸ் பல வயல்களில் உதிர்ந்த விதையிலிருந்து தானாகவே முளைத்துவிடும்.

கேள்வி: மாடு மிதித்த நிலம் இறுகிப்போகாதா? சோயா வேர் எப்படி இறங்கும்?

பதில்: எனக்கும் முதலில் இதே பயம்தான். அக்டோபரில் மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தேன். மேலே நாலு விரற்கடை வரை கெட்டி. அதற்குக் கீழே புல்வேர் பின்னிக் கிடக்க, மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உழாமலே விதைக்கும் கருவியின் கொழு அந்தக் கெட்டியைக் கீறிவிடும். ஆனால் புல்லை மொட்டையடிக்க விட்டால் கதை வேறு. அதே மாநிலத்துச் சாவ் மிகேல் தாஸ் மிசோஸில் 2001 முதல் நடக்கும் ஆய்வில் புல்லின் உயரத்தை 10, 20, 30, 40 செ.மீ. என்று வைத்து மேய்க்கிறார்கள். 20, 30 செ.மீ. அளவில் மாடும் நன்றாக எடை போடுகிறது, சோயா மகசூலும் குறைவதில்லை. 10 செ.மீ. அளவில், மண்ணைப் போர்த்தும் மூடாக்குக்கு மிஞ்சுவது சொற்பம்.

கேள்வி: உரம் எந்தப் பயிருக்கு?

பதில்: மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) சாம்பல்சத்தையும் (பொட்டாசியம்) புல்லுக்கே போட்டுவிடலாம். மாடு இறைச்சியாக எடுத்துப்போவது கொஞ்சம்தான். பெரும்பங்கு சாணமும் மூத்திரமுமாக வயலிலேயே விழுகிறது. அதைச் சோயா எடுத்துக்கொள்ளும். யூரியாவும் புல்லுக்குத்தான். சோயா விதைக்கு, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியா நேர்த்தி போதும்.

கேள்வி: விதைக்கும்முன் புல்லை எப்படி ஒழிப்பது?

பதில்: களைக்கொல்லி அடித்துக் காயவைத்து, அந்தக் காய்ந்த புல்லுக்குள்ளேயே விதைப்பார்கள். கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு அசையாத ரைகிராஸ் அங்கே பெருகிவிட்டதால் வேறு மருந்தையும் தேடவேண்டியிருக்கிறது. இந்த முறையில் எனக்குப் பிடிக்காத இடம் இது.

கேள்வி: நம் ஊரில் ஆட்டுக்கிடை போடுவதும் இதுதானே?

பதில்: பாதிதான். கிடை ஆடு பகலில் வேறெங்கோ மேய்ந்து, இரவில் நம் வயலில் புழுக்கை போடுகிறது. வெளியிலிருந்து சத்து வந்து சேர்கிறது. அங்கே தீவனம் விளைவதும் சாணம் விழுவதும் ஒரே வயலில். மாட்டால் புதிதாக எதுவும் வருவதில்லை, இருப்பது சுற்றுகிறது.

கேள்வி: ஒரு ஹெக்டேருக்கு எத்தனை மாடு விடலாம்?

பதில்: அதைப் புல்தான் சொல்லவேண்டும். அளவுகோலோடு வயலில் இருபது, முப்பது இடத்தில் புல்லின் உயரத்தை அளந்து, சராசரி வைத்த அளவுக்குக் கீழே இறங்கினால் சில மாடுகளை வெளியேற்றுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர், இறைச்சி விலை ஏறட்டும் என்று செப்டம்பர் முழுக்க ஒரு மாட்டையும் வெளியேற்றவில்லை. நவம்பரில் அவர் வயலில் புழுதி பறந்தது. சோயாவுக்கு முன்பே களை முளைத்துவிட்டது.