பழைய கணினிக்கு ராம் வாங்க மலையிறங்கும் முன்

கேள்வி: கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயம் செய்கிறோம். பச்சைத் தேயிலைக் கணக்குக்கும் மகளின் படிப்புக்கும் 2011-இல் வாங்கிய ஒரே கணினிதான். பென்டியம் டூயல் கோர், ஜி41 மதர்போர்டு, 2 ஜிபி ராம், விண்டோஸ் 7 32 பிட். இணையத்தில் நான்கு பக்கங்களைத் திறந்தால் அப்படியே நின்றுவிடுகிறது. கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் மகன் தன் கணினியில் கழற்றிய 8 ஜிபி டிடிஆர்4 ராமைத் தருவதாகச் சொல்கிறான். அதைப் போடலாமா? இல்லையென்றால் எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: அதை அண்ணன் மகனிடமே விட்டுவிடுங்கள். உங்கள் போர்டில் அது உட்காரவே உட்காராது. டிடிஆர்4 என்பது பின்னால் வந்த தலைமுறை ராம். அதற்கு 288 பின்கள் (கீழ் ஓரத்தில் இருக்கும் தங்க நிறத் தொடுமுனைகள்). உங்கள் ஸ்லாட்டில் (ராம் செருகும் இடம்) இருப்பவை 240. மின்னழுத்தமும் வேறு. அழுத்திப் பார்த்தால் ஸ்லாட்தான் உடையும்.

ஜி41 என்பது உங்கள் போர்டின் முக்கியச் சிப்பின் பெயர். அந்தப் போர்டுகளில் டிடிஆர்2 போடுபவையும் உண்டு, டிடிஆர்3 போடுபவையும் உண்டு. இரண்டுக்கும் 240 பின்கள்தான், ஆனால் கீழே இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள, இப்போதிருக்கும் ராமைக் கழற்றி ஸ்டிக்கரைப் பாருங்கள். பிசி2 என்று தொடங்கினால் டிடிஆர்2, பிசி3 என்றால் டிடிஆர்3. டிடிஆர்2-வாக இருந்தால் இன்னொரு 2 ஜிபி சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த வகையில் 4 ஜிபி கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம்.

டிடிஆர்3 என்றால் கவனம் இன்னும் அதிகம் தேவை. ஜி41 ஏற்றுக்கொள்ளும் உச்ச அளவு 8 ஜிபி. ஆனால் 8 ஜிபியை ஒரே ராமாக வாங்கிப் போட்டால் வேலை செய்யாது. இரண்டு 4 ஜிபியாகத்தான் போட வேண்டும். அந்த 4 ஜிபியிலும் எல்லாம் ஒன்றல்ல. ராமின் மேல் இருக்கும் கறுப்புச் சதுரச் சிப்களை எண்ணிப் பாருங்கள். பக்கத்துக்கு எட்டாக இரு பக்கமும் பதினாறு இருந்தால், ஒவ்வொரு சிப்பும் 256 எம்பி. இந்த அளவு சிப்பை ஜி41 அறியும். ஒரு பக்கம் மட்டும் எட்டுச் சிப் இருந்தால், ஒவ்வொன்றும் 512 எம்பி. அத்தனை அடர்த்தியான சிப் ஜி41-க்குப் பழக்கமில்லை. பெரும்பாலும் கணினி கிளம்பாது. பின்னால் வந்த 4 ஜிபி ராம்களில் பல இந்த எட்டுச் சிப் வகைதான். கடைக்காரர் “டிடிஆர்3 4 ஜிபி” என்று எடுத்து நீட்டுவதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் உங்களுக்கு அது உதவாது. ஆகவே “பதினாறு சிப் உள்ளது” என்றே கேளுங்கள், கையில் வாங்கி எண்ணிப் பாருங்கள்.

பதினாறு இருந்தும் ஏமாற இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஏஎம்டி (இன்டெல்லுக்குப் போட்டியான நிறுவனம்) போர்டுகளுக்கு மட்டும் என்று மலிவாக விற்கும் ராம் உங்கள் இன்டெல் போர்டில் ஓடாது. சர்வரில் கழற்றிய ராமும் அப்படித்தான். ஸ்டிக்கரில் பிசி3-10600 என்ற எண்ணுக்குப் பின்னால் ‘யு’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது சாதாரண வீட்டுக் கணினிக்கானது. ‘ஆர்’ இருந்தால் சர்வருக்கானது. 10600 என்பது 1333 வேகம், 12800 என்பது 1600. உங்கள் போர்டு 1600-ஐவிடக் குறைந்த வேகத்தில்தான் ஓட்டும் என்பதால், 1600-க்குக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வாங்கும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பார்க்காது. அதிலும் கைக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்று, மூன்றரை ஜிபிதான். 8 ஜிபி போட்டுவிட்டு 32 பிட்டிலேயே இருந்தால் பாதிக்கு மேல் வீண். கணக்கு எழுதுவது மட்டும்தான் என்றால் இன்னொரு 2 ஜிபியே போதும். மகளின் படிப்புக்கு இணையம் வேண்டும் என்பதால், போர்டு டிடிஆர்3 என்றால் நான் 8 ஜிபியும், அதை முழுதாகப் பயன்படுத்தும் 64 பிட் சிஸ்டமுமே சொல்வேன். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் மின்ட் இந்தக் கணினியில் நன்றாக ஓடும், இலவசம். மாற்றும் முன் தேயிலைக் கணக்கை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துவிடுங்கள். புதியதை ஏற்றும்போது வட்டில் இருப்பது அழிந்துபோகலாம்.

ராம் வாங்கக் கோயம்புத்தூர் காந்திபுரம் போகும்போது பழைய ராமையும், போர்டின் மேல் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணின் படத்தையும் எடுத்துச் செல்லுங்கள். பழைய ராம் வாங்குவதில் தவறில்லை. பொருந்தவில்லை என்றால் மாற்றித் தருவதாக பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அதற்காக இன்னொரு முறை மலையிறங்குவது ஒரு நாள் வேலை.

மாட்டும்போது மின்வயரைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். ஜனவரிப் பனிக்காலத்தில் காற்று உலர்ந்திருக்கும். கம்பளி ஸ்வெட்டரில் சேரும் நிலைமின்சாரம் ஒரு சிப்பைக் கொல்லப் போதும். ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு, கேபினெட்டின் வர்ணம் பூசாத இரும்பைத் தொட்டபின் ராமை எடுங்கள், ஓரத்தைப் பிடித்து. இரு முனையிலும் ‘டக்’ என்று பூட்டு விழ வேண்டும். மழைக்காலத்தில் இங்கே வேறு தொல்லை. குன்னூரில் ஒரு வீட்டில் கணினி விட்டு விட்டு பீப் அடித்தது. ராம் போய்விட்டது என்று புதிது வாங்கப் பணம் எடுத்து வைத்திருந்தார்கள். கழற்றிப் பார்த்தபோது ஸ்லாட்டில் ஈரம் ஏறிய தூசி பஞ்சாக அடைந்திருந்தது. ஸ்லாட்டை பிரஷ்ஷால் தட்டி, ராமின் பின்களை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து உலரவிட்டதும் கிளம்பிவிட்டது. உங்கள் ஸ்லாட்டையும் மாட்டும் முன் அப்படி பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

வாங்கி வந்த அன்றிரவே ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ சோதனையை ஓடவிடுங்கள். அது விண்டோஸ் 7-லேயே இருக்கிறது. ஒரு பிழை காட்டினாலும் அந்த ராமை வைத்துக்கொள்ளாதீர்கள், பில்லுடன் திருப்பிக் கொடுங்கள். சோதனை முடியும் வரை பழைய 2 ஜிபியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.