சர்வர் விழுந்த இரவும் உங்கள் மகளின் படிப்பும்

ஐயா,

உங்கள் மின்னஞ்சலை இரண்டு முறை படித்தேன். பள்ளி இறுதியாண்டில் இருக்கும் மகள் ஓர் ஆன்லைன் விளையாட்டின் ஓப்பன் பீட்டாவுக்காக (வெளியாகும் முன் எல்லோரும் விளையாடிப் பார்க்கத் திறந்துவிடும் சோதனைப் பதிப்பு) விடியும்வரை விழித்திருந்தாள். கண்டித்தபோது, "விளையாடவில்லை அப்பா, சர்வரைச் சோதிக்கிறோம்" என்றாள். இப்படியும் ஒரு வேலை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் என்ன படிக்கவைப்பது என்பதும் தெளிவாகும்.

ஒரு விளையாட்டு வெளியாகும் முன், அதன் நிறுவனம் ஆயிரக்கணக்கான பாட்களை, அதாவது ஆட்களைப்போல் நடந்துகொள்ளும் நிரல்களை, ஓடவிட்டு, விளையாட்டை இணையம் வழியாக நடத்தும் கணினியான தன் சர்வர் எவ்வளவு சுமை தாங்கும் என்று பார்க்கிறது. ஆனால் பாட், எழுதிக்கொடுத்ததை மட்டுமே செய்யும். மனிதர்கள் அப்படியல்ல. கதவு திறந்த நிமிடத்திலேயே அத்தனை பேரும் முண்டியடிப்பார்கள். லாகின் ஆகவில்லை என்றால் அதே பொத்தானை இருபது முறை அழுத்துவார்கள். பரந்த உலகம் முழுவதும் காலியாகக் கிடக்க, எல்லோரும் ஒரே சந்தைத் திடலில் போய் நிற்பார்கள். இந்தக் குணங்களோடு வரும் கூட்டம் நிறுவனத்துக்குத் தேவைப்படுகிறது. அதற்காகத்தான் எல்லோருக்கும் கதவைத் திறக்கிறது. உடைவதாக இருந்தால் பணம் வாங்கும் நாளுக்கு முன்பே உடையட்டும் என்பது கணக்கு.

அந்தக் கணக்கும் தவறுவதுண்டு. 'டயப்லோ 3' விளையாட்டுக்கு 2012 ஏப்ரலில் ஒரு வார இறுதி முழுவதும் ஓப்பன் பீட்டா நடந்தது. ஆனாலும் மே 15 அன்று வெளியானபோது, உள்ளே நுழைய முடியாமல் 'பிழை 37' என்ற செய்தியையே ஏராளமானோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2016இல் 'போகிமான் கோ' வெளியானபோது, நிலைமை மிக மோசமானால் எதிர்பார்ப்பைவிட 5 மடங்கு சுமை வரலாம் என்று திட்டமிட்டிருந்தார்கள். வந்தது 50 மடங்கு.

சர்வர் ஏன் விழுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்கள் மகளுக்கு ஏற்ற துறையா என்பதற்கான விடை அந்தக் கேள்வியில் இருக்கிறது. ஒரே திடலில் 100 பேர் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அசைந்தால் மற்ற 99 பேருக்கும் அது தெரியவேண்டும். ஆக, எல்லோரும் அசைந்தால் ஒரு சுற்றுக்கு, அதாவது சர்வர் எல்லோருடைய நிலையையும் ஒருமுறை புதுப்பிப்பதற்கு, 9,900 செய்திகள். கூட்டம் 200 ஆனால் 39,800. ஆட்கள் இரண்டு மடங்கானால் வேலை நான்கு மடங்காகிறது. விநாடிக்கு 60 சுற்று ஓடும் சர்வரில் இந்த வேலை முழுவதையும் சுமார் 16.7 மில்லிவிநாடிக்குள் முடித்தாக வேண்டும். பல ஆயிரம் பேர் ஒரே போரில் மோதும் 'ஈவ் ஆன்லைன்' விளையாட்டை உருவாக்கியவர்கள் இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடிக்கும். சர்வர் திணறத் தொடங்கியதும் விளையாட்டுக்குள் ஓடும் நேரத்தையே மெதுவாக்கிவிடுகிறார்கள், தேவைப்பட்டால் பத்தில் ஒரு பங்கு வேகம்வரை. போர் ஆமை வேகத்தில் நகரும், ஆனால் எல்லோருக்கும் ஒரே அளவில் நகரும். இதைச் சரியாகச் செய்ய, கணினியும் கணிதமும் நியாய உணர்வும் ஒரே மூளையில் கூடியிருக்க வேண்டும்.

லாகினில் நடப்பது வேறு. நிமிடத்துக்கு 1,000 பேர் வருகிறார்கள், ஒவ்வொருவருக்கும் அரை நிமிடம் பிடிக்கிறது என்றால், எந்த நேரத்திலும் 500 பேர் வாசலில் இருப்பார்கள். தரவுத்தளம் சற்றே தடுமாறி அதே வேலை 5 நிமிடம் இழுத்தால், வருகிறவர்கள் கூடாமலேயே வாசலில் 5,000 பேர் சேர்ந்துவிடுவார்கள். வரிசைகளைப் பற்றிய இந்த எளிய விதியை ஜான் லிட்டில் 1961இல் நிறுவினார். பொறுமையிழந்தவர்கள் மறுபடி மறுபடி முயல்வது இதற்குமேல் வந்து விழும் சுமை. மறுமுயற்சிகளின் இடைவெளியைப் படிப்படியாக நீட்டுவதும், அந்த இடைவெளி எல்லோருக்கும் ஒன்றாக அமையாமல் கலைத்துவிடுவதும் பொறியாளர்கள் கையாளும் வழிகள்.

இப்போது அவள் சொன்னதில் உண்மையல்லாத மீதிப் பாதிக்கு வருகிறேன். பீட்டாவில் விளையாடுகிறவர் அந்தச் சோதனைக்குச் சுமையாகிறார். அதை அளந்து, காரணம் தேடி, சரிசெய்கிறவர் திரைக்கு மறுபுறம் இருக்கிறார். எத்தனை பீட்டாவில் கலந்துகொண்டாலும் அது தகுதிச் சான்றாகாது. விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிக்கும் டெஸ்டர் வேலை தனியாக இருக்கிறது. மரியாதையான வேலைதான், ஆனால் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் கிடைப்பது. உங்கள் மகள் விவரிப்பதோ செயல்திறன் பொறியாளரின் வேலை. அவர் சராசரியை நம்பமாட்டார். நூறு லாகினில் 95 பேருக்கு ஒரு விநாடியும் 5 பேருக்கு 40 விநாடியும் ஆனால், சராசரி மூன்று விநாடிகூட வராது. அறிக்கையில் அழகாகத் தெரியும். அந்த ஐந்து பேருக்கு என்ன நடந்தது என்று தேடிப் போகிறவருக்கே இந்தத் துறை.

படிப்பைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. 'கேம்' என்ற சொல் பட்டத்தின் பெயரில் இருக்கவேண்டிய அவசியம் இல்லை. கணினி அறிவியலோ அதற்கு நெருங்கிய பட்டமோ போதும். இயங்குதளம், கணினி வலையமைப்பு, தரவுத்தளம், நிகழ்தகவு ஆகிய நான்கையும் ஆழமாகப் படிக்கட்டும். 2023, 2024 ஆண்டுகளில் விளையாட்டு நிறுவனங்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோரை வேலையிலிருந்து நீக்கின. அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் வங்கிப் பரிமாற்றமும் டிக்கெட் முன்பதிவும் தேர்வு முடிவு வெளியாகும் தளமும் இதே திடீர்க் கூட்டத்தைத்தான் சந்திக்கின்றன. ஒரு வாசல் மூடினாலும் இந்தத் திறமையுடன் நுழைய வேறு வாசல்கள் இருக்கின்றன.

பட்டம் வரை காத்திருக்காமல் அவளுடைய ஆர்வத்தை இப்போதே சோதித்துப் பார்க்கலாம். பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சிறிய அரட்டைச் சர்வரை அவளே எழுதட்டும். 'லோகஸ்ட்' என்ற இலவசக் கருவியால் அதன்மேல் பத்து, நூறு, ஆயிரம் என்று கற்பனைப் பயனர்களை ஏவட்டும். எங்கே மூச்சு முட்டுகிறது, அது நினைவகத்தாலா ப்ராசஸராலா என்று கண்டுபிடித்து, ஒன்றே ஒன்றை மாற்றி, மறுபடி அளக்கட்டும். ஒரு மாதம் இதில் விடாமல் உட்கார்ந்தாள் என்றால் தயங்காமல் இந்தப் படிப்புக்கு அனுப்புங்கள். ஒரு வாரத்தில் சலித்துவிட்டால் அவளைக் குறை சொல்லாதீர்கள். அவளுக்குப் பிடித்தது விளையாட்டு மட்டும்தான் என்று நல்ல நேரத்தில் தெரிந்துகொண்டீர்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். இந்தச் சோதனை தன் கணினியில், தன் சர்வரில் மட்டுமே நடக்கவேண்டும். அனுமதியின்றிப் பிறருடைய சர்வர்மேல் சுமை ஏற்றுவது பல நாடுகளில் குற்றம். சோதனை என்ற பெயரில் இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் தாக்குதல் சேவைகளின் பக்கமே அவள் போகக்கூடாது. ஓப்பன் பீட்டா தரும் அனுமதி விளையாடுவதற்கானது. அதில் சொந்த பாட்களை ஓட்டுவதற்கு அது பொருந்தாது. ஆர்வமுள்ள பிள்ளைகள் அறியாமல் வழுக்கி விழும் இடம் இது.

அடுத்த வார இறுதியிலும் அனுமதிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அனுமதியுங்கள், தூக்கத்தை விலையாகக் கொடுக்காமல். சர்வரில் கூட்டம் அதிகம் கூடும் இரண்டு மணி நேரத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். கையில் ஒரு நோட்டு இருக்கட்டும்: எத்தனை மணிக்கு, என்ன செய்தாள், எத்தனை விநாடி ஆனது, என்ன பிழைச் செய்தி வந்தது, ஏன் என்று நினைக்கிறாள். அந்தப் பக்கங்களுடன் அவளையும் அடுத்த சந்திப்புக்கு அழைத்து வாருங்கள். கடைசிக் கேள்விக்கு அவள் எழுதிய பதில்களில் இருந்தே பேச்சைத் தொடங்குகிறேன்.