பின்னல் துணி விமான இருக்கையில் ஓர் ஆளைத் தாங்குமா?

"ஃபோமுக்குப் பதிலாகப் பின்னல் துணி வைத்து விமான இருக்கை செய்கிறார்களாம். ஸ்வெட்டர் துணி ஓர் ஆளைத் தாங்குமா? செலவைக் குறைக்கும் தந்திரம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீண்ட பயணம் ஒன்றில் இடுப்பு நொந்து இறங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் அந்தத் துணியைப் பின்னும் தொழிலில் இருப்பவன். தன் சரக்கைத் தானே புகழ்கிறான் என்று கீழே யாராவது எழுதுவார்கள்; எழுதட்டும்.

முதலில், இது ஸ்வெட்டர் துணி அல்ல. இரண்டு ஊசி வரிசைகள் கொண்ட வார்ப் நிட்டிங் (நீளவாக்கில் ஓடும் இழைகளைக் கொண்டு பின்னும்) இயந்திரத்தில் மேல் துணியும் கீழ்த் துணியும் ஒரே நேரத்தில் உருவாகும். தூண்டில் நரம்பைப் போல விறைப்பான ஒற்றை இழைகள் இரண்டையும் இணைத்து நிற்கும். உட்கார்ந்தால் அவை வளையும், எழுந்தால் நிமிரும். நடுவில் இருப்பது பெரும்பாலும் காற்றுதான். எடை குறைவதும், உடம்புச் சூடும் வியர்வையும் வெளியேறுவதும் அதனால்தான்.

எங்கள் மாதிரியைப் பார்க்க இருக்கை தயாரிக்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டு, "கெட்டியாக இருக்கிறது" என்று தள்ளி வைத்தார். பக்கத்தில் இருந்த ஃபோம் குஷனில் விரல் அமிழ்ந்ததும் அவர் முகம் மலர்ந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பேச்சே வரவில்லை. எங்கள் மூத்த ஆபரேட்டர்தான், "சார், உட்காரப் போவது விரல் இல்லையே. கூட்டம் முடிகிறவரை இதன் மேலேயே உட்கார்ந்து பாருங்கள்" என்றார்.

உட்கார்ந்தார். எழுந்தபோது கெட்டி என்ற பேச்சே இல்லை. வேறு இரண்டு குறைகள் சொன்னார். முன் விளிம்பு தொடையின் அடியில் வெட்டுகிறது. வெட்டிய ஓரத்தில் இழை முனைகள் உறையைத் தாண்டிக் குத்துகின்றன. இரண்டுமே உண்மை. முன் விளிம்புக்கு மெல்லிய இழையும், எலும்பு அழுந்தும் இடத்துக்குத் தடித்த இழையும் கொடுத்தோம். ஓரங்களைச் சூட்டில் உருக்கி ஒட்டி, நாடா வைத்துத் தைத்தோம்.

இந்த மாற்றங்களைச் சொன்னவரும் அந்த ஆபரேட்டர்தான். ஓர் ஊசி முனை வளைந்தால் ரோல் முழுக்கக் கோடு விழும். இயந்திரத்தின் சத்தம் மாறுவதை வைத்தே அதைப் பிடித்துவிடுவார். அறிக்கையில் அவர் பெயர் இல்லை. "வடிவமைப்புக் குழுவின் பரிந்துரை" என்று போட்டார்கள். கேள்விக்குத் தொடர்பில்லாத விஷயம்தான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தந்திரம் என்கிறீர்களே, அதற்கு வருகிறேன். 1984இல் அமெரிக்கா கொண்டுவந்த விதிப்படி, இருக்கை மெத்தையை எண்ணெய் பர்னரின் தீயில் 2 நிமிடம் காட்டுவார்கள். எடை இழப்பு சராசரியாக 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஃபோம், அதாவது பாலியூரிதேன் நுரை, வேகமாக எரிந்து நச்சுப்புகை கக்கும் என்பதால்தான் அதைத் தீத்தடுப்புத் துணியால் சுற்றுகிறார்கள். பின்னலுக்கு வழக்கமாகப் பயன்படும் சாதாரண பாலியஸ்டரும் உருகிச் சொட்டும், எனவே எங்களுக்கும் சலுகை கிடையாது. விபத்துச் சோதனையில் 14 மடங்கு புவியீர்ப்பு விசையைக் கொடுத்து, இருக்கையில் வைத்த ஆளளவு சோதனைப் பொம்மையின் கீழ் முதுகில் விழும் சுமை சுமார் 680 கிலோவைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். மெத்தையை மாற்றினால் அந்தக் கணக்கும் மாறும். அதையும் நிரூபித்தாக வேண்டும். மலிவாக முடிக்க நினைப்பவர் இந்த வழிக்கே வரமாட்டார்.

எடை குறைந்தால் எரிபொருள் மிச்சம், அதில் விமான நிறுவனத்துக்கு லாபம். அதை நான் மறுக்கவில்லை. சில விமானங்களில் தண்ணீரில் மிதக்க உதவுவதே இருக்கை மெத்தைதான். காற்றோட்டமான பின்னலைப் பிடித்துக்கொண்டு மிதக்க முடியாது, அங்கே தனி உயிர்காப்பு அங்கி வேண்டும். முழங்கால் முன் இருக்கையில் இடிப்பது வேறு விவகாரம். வரிசைகளுக்கு இடையே எவ்வளவு இடம் விடுவது என்பதை முடிவு செய்வது விமான நிறுவனம். அந்தப் புகாரை அவர்களிடம் எழுத்தில் கொடுங்கள்.