வெயிலுக்குக் குழந்தைக்குத் தண்ணீர் தரலாமா?

கேள்வி: அக்கா, என் மகனுக்கு இரண்டாவது மாதம் நடக்கிறது. தாய்ப்பால் மட்டும்தான் தருகிறேன். வீடு தகர ஷீட் போட்டது, மத்தியானம் அனலாகக் கொதிக்கிறது. "நாக்கு வறண்டுடும், காய்ச்சி ஆறின தண்ணி ரெண்டு சங்கு ஊத்து" என்கிறார் மாமியார். சாயங்காலமானால் விடாமல் அழுகிறான். பிழிந்து பார்த்தால் கொஞ்சம்தான் வருகிறது. பால் பற்றவில்லையோ? டப்பா பால் வாங்கட்டுமா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: தண்ணீரும் வேண்டாம், டப்பாவும் வேண்டாம், தங்கச்சி.

ராயபுரம் பக்கம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்த காலம் முழுக்க இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்பது இப்போது எல்லாத் தாய்மார்களுக்கும் தெரிகிறது. ஆனால் தண்ணீர், கிரைப் வாட்டர், நாக்கில் தடவும் தேன், உரைமருந்து இதையெல்லாம் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. டாக்டர் எழுதித் தரும் சொட்டு மருந்து மட்டும் விதிவிலக்கு.

தாய்ப்பாலில் நூற்றுக்கு 87, 88 பங்கு தண்ணீர்தான். எவ்வளவு வெயில் அடித்தாலும் குழந்தையின் தாகத்துக்கு அது போதும். இரண்டு தடவை கூடுதலாகப் பால் கொடு, அவ்வளவுதான். நம் பக்கம் லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைக்கிறோம். காய்ச்சினாலும் அப்புறம் சங்கு, டம்ளர், கை என்று எது வழியாகவும் கிருமி போய்ப் பேதி பிடுங்கும். இன்னொன்று, தண்ணீரில் வயிறு நிறைந்தால் அவன் உறிஞ்சுவது குறையும், உறிஞ்சுவது குறைந்தால் உனக்குச் சுரப்பும் குறையும். பால் சுறாப் புட்டு சாப்பிட்டால் பால் ஊறும் என்று காசிமேட்டுப் பக்கம் சொல்வார்கள். நிஜமாகப் பாலை ஊற வைப்பது குழந்தையின் வாய்தான். முக்கியமாக ராத்திரிப் பாலை விட்டுவிடாதே, சுரப்பைத் தூண்டும் ஹார்மோன் அப்போதுதான் அதிகம்.

பிழிந்து பார்த்து அளக்காதே. குழந்தை உறிஞ்சும்போது வருகிற அளவுக்குக் கையில் வராது. கொடியில் காயும் துணியைப் பார். ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போய், அது தெளிவாக இருந்தால் பால் பற்றுகிறது. ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு நகர்ப்புற சுகாதார நிலையத்துக்குப் போகும்போது எடை போடச் சொல். வாரத்துக்கு 150 கிராம், அதற்கு மேல் ஏறியிருந்தால் உன் மாமியாரிடமே அந்த அட்டையைக் காட்டு. அவருக்கும் பேரன் மேல் இருக்கிற பயம்தானே, பாவம்.

சாயங்கால அழுகை இந்த வயதில் நிறையக் குழந்தைகளுக்கு உண்டு. அந்த நேரத்தில் அடிக்கடி பால் கேட்பார்கள், கேட்கும்போதெல்லாம் கொடு. நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை கொடுப்பது சாதாரணம். காம்பை மட்டும் இல்லாமல், அதைச் சுற்றிய கருவட்டமும் வாய்க்குள் போகிற மாதிரி பிடிக்க வை. கீழ் உதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், உனக்கு வலிக்கக் கூடாது. வலித்தால் சுண்டுவிரலை அவன் வாயோரம் விட்டு எடுத்து, மறுபடி பிடிக்க வை.

மாமியார் காய்ச்சி வைத்த தண்ணீரை நீ குடி. பால் கொடுக்க உட்காரும்போது பக்கத்திலேயே ஒரு சொம்பு இருக்கட்டும்.

சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போனாலோ, பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, உடம்பு சுட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ.