முதல் கார்னர்லயே இடிக்கிறாங்க!

கேள்வி: ஆன்லைன் சிம் ரேஸிங்ல (நிஜ கார் மாதிரியே கம்ப்யூட்டர்ல ஓட்டுற ரேஸ்) க்ளீனா, நல்ல போட்டியோட ரேஸ் எங்கங்க கிடைக்கும்?

பதில்: ஐரேஸிங்னு ஒரு சிம் ரேஸ் கேம் இருக்கு, அதுல சேஃப்டி ரேட்டிங் (எவ்வளவு க்ளீனா ஓட்டுறீங்க), ஐரேட்டிங் (போட்டியில எவ்வளவு திறமை)னு ரெண்டு இருக்கு, முதல்ல சேஃப்டியை ஏத்துங்க. தப்புக்குப் பாயிண்ட் ஏற ஏற சேஃப்டி இறங்கும்: ட்ராக்கை விட்டு வெளிய போனா 1 பாயிண்ட், கார் கன்ட்ரோல் போய் சுத்தினா 2, இன்னொரு கார் மேல பலமா மோதினா 4, தப்பு யாருதுன்னு கேம் பாக்காது, அதனால ஒருத்தர் தாறுமாறா ஓட்டுறார்னு தெரிஞ்சா வழி விட்டுட்டுப் பின்னாடியே போங்க, அவரே சுத்திடுவார். ரூக்கிங்கிற ஆரம்ப லைசென்ஸைத் தாண்டிட்டாலே கொஞ்சம் நிம்மதி. க்வாலிஃபை பண்ணாம (ரேஸுக்கு முன்னாடி லேப் டைம் போட்டு ஸ்டார்ட் இடம் பிடிக்காம) மட்டும் போகாதீங்க, பின்னாடி கூட்டத்துல மாட்டிப்பீங்க, கூட்டம் நடுவுலதான் இடியே. என்னைக் கேட்டா லீக் ரேஸ்தான் பெஸ்ட்: வாராவாரம் அதே ஆளுங்க, ரீப்ளே பாத்து பெனால்டி குடுக்க ஸ்டூவர்டு இருப்பாங்க, பக்கத்துல பக்கத்துல தைரியமா ஓட்டலாம்.