பொதுத்தேர்வு விடுப்பும் பந்துவீச்சாளனின் முதுகும்

கேள்வி: ஐயா, என் மகனுக்கு 16 வயது. வலது கை வேகப்பந்து வீச்சாளன். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்காக ஜனவரி கடைசியிலிருந்து பந்தைத் தொடவில்லை. தேர்வு முடிந்த மறுநாளே கோடைக்காலப் பயிற்சி முகாமில் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து வாரத்தில் 3 நாள் காலையில் பள்ளி அணியோடு ஆறு ஓவர், 5 நாள் மாலையில் அகாடமி நெட்ஸில் எட்டு ஓவர், ஞாயிறு காலை மேட்ச்சில் பத்து ஓவர், அன்று மாலை தெருப் பையன்களோடு டென்னிஸ் பந்தில் நான்கு ஓவர் வீசுகிறான். ஐந்து வாரமாக இடுப்புக்குச் சற்று மேலே இடப்பக்கம் வலிக்கிறது என்கிறான். குனிந்தால் அவ்வளவாக இல்லை, பின்னால் வளைந்தால் சுருக்கென்கிறதாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. தசைப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்தார்கள். “ஐஸ் வை, உடம்பு சூடானால் சரியாகிவிடும்” என்கிறார் பயிற்சியாளர். எண்ணெய் தேய்த்துச் சுளுக்கு எடுக்கச் சொல்கிறார் என் மாமியார். அடுத்த மாதம் அணித் தேர்வு இருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு வீசலாமா? ஓய்வு எடுத்தால் வேகம் போய்விடுமா? ஜிம்மில் எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்கிறார்களே, உண்மையா?
– ஒரு வாசகி, வில்லிவாக்கம், சென்னை

பதில்: அன்புள்ள சகோதரி, மாத்திரை போட்டுக்கொண்டு வீசக் கூடாது. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் நாளிலிருந்தே பந்துவீச்சை நிறுத்திவிட்டு, விளையாட்டு மருத்துவம் தெரிந்த ஒரு மருத்துவரிடம் மகனை அழைத்துச் செல்லுங்கள். கடிதத்தை மட்டும் வைத்து இன்ன நோய் என்று சொல்வது முறையல்ல என்பதை அறிவேன். ஆயினும் வளரும் வயது, வேகப்பந்து, வீசும் கைக்கு எதிர்ப்பக்கத்தில் வலி, பின்னால் வளையும்போது சுருக்கென்று குத்துதல் ஆகிய நான்கும் ஒருவனிடத்தில் சேர்ந்திருந்தால், இல்லை என்று உறுதியாகும்வரை அதை எலும்பு சார்ந்த வலியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். கீழ் முதுகெலும்பின் நான்காவது, ஐந்தாவது கண்ணிகளின் பின்புறத்தில் ஒரு குறுகலான எலும்புப் பாலம் இருக்கிறது. வலது கையால் பந்தை விடும் நொடியில் உடல் இடப்பக்கம் சாய்ந்து, அதே நேரத்தில் முறுகவும் செய்கிறது. அந்தச் சுமை பெரும்பாலும் இடப்பக்கப் பாலத்தின் மீதே இறங்குகிறது. முன்கால் தரையில் ஊன்றும்போது உடல் எடையைப் போல் ஐந்து மடங்கு, சிலருக்கு அதற்கும் கூடுதலான விசை மேலே ஏறி வருகிறது. முதுகெலும்பின் அந்தப் பகுதி முழுமையாக உரம் பெறுவதற்கு இருபது வயதைத் தாண்டியும் சில ஆண்டுகள் ஆகும்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்பதை வைத்து நிம்மதி அடைய வேண்டாம். இவ்வகைக் காயத்தில் எலும்பு உடனே பிளந்துவிடுவதில்லை. முதலில் உள்ளே நீர் கோத்து வீங்குகிறது, பிறகு நூலிழை போன்ற கீறல் விழுகிறது, அதற்குப் பின்னரே முறிவு. முதல் கட்டம் எக்ஸ்ரேயில் தெரியாது. எம்ஆர்ஐ படத்தில் தெரியும். நான் இத்தொழிலுக்கு வந்த புதிதில், எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறதே என்ற ஒரே காரணத்தால் ஒரு கல்லூரி மாணவனிடம் “தசைதான், போய் விளையாடு” என்று சொல்லி அனுப்பினேன். அவன் அந்தப் பருவம் முழுவதும் மறுபடி பந்து வீசவில்லை. அதனால்தான் இந்தப் பதில் சற்றுக் கறாராக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கடிதத்தின் சாரம் அங்கேதான் இருக்கிறது. நீங்கள் எழுதிய ஓவர்களைக் கூட்டிப் பார்த்தேன். காலையில் 18, மாலையில் 40, ஞாயிற்றுக்கிழமை 14. வாரத்துக்கு 72 ஓவர், அதாவது 432 பந்து. 16 வயதுப் பையன் இடையில் ஓய்வில்லாமல் வீசும் ஒரு தொடர்ச்சியில் 7 ஓவருக்கு மேலும், ஒரு நாளில் 18 ஓவருக்கு மேலும் வீசக் கூடாது என்று இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல ஆண்டுகளாக ஒரு வரம்பு வைத்திருந்தது. நாள் கணக்கில் பார்த்தால் உங்கள் மகன் அந்த வரம்பை மீறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பள்ளிப் பயிற்சியாளர் ஆறு ஓவரைப் பார்க்கிறார், அகாடமிப் பயிற்சியாளர் எட்டு ஓவரைப் பார்க்கிறார், தெருப் பையன்களோ நான்கு ஓவரோடு விட்டுவிடுகிறார்கள். ஒருவர் கேட்டதும் அதிகமில்லை. நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்கும் ஆள்தான் இல்லை. டென்னிஸ் பந்து இலேசானது என்பதால் அதைக் கணக்கிலிருந்து விட்டுவிடாதீர்கள். முழு வேகத்தில் ஓடிவந்து வீசினால் முன்காலில் இறங்கும் விசை பந்தின் எடையைப் பொறுத்துக் குறைந்துவிடாது.

எண்ணிக்கையைவிடக் கேடு செய்தது அந்த எண்ணிக்கை வந்த வேகம். ஜனவரிக் கடைசி முதல் ஏப்ரல் பாதி வரை ஒரு பந்தும் வீசாதவன், அடுத்த வாரமே 432 பந்து வீசியிருக்கிறான். எலும்பு உயிருள்ள பொருள். தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆனால் அந்தத் திருத்த வேலை பழையதை அகற்றுவதில்தான் தொடங்குகிறது. அகற்றும் வேலை ஏறத்தாழ மூன்று வாரத்தில் முடிந்துவிடும், புதிய எலும்பை இட்டு நிரப்புவதற்கு மூன்று மாதம்போல் ஆகும். நம் ஊரில் புதிய தார் போடுவதற்கு முன் பழைய சாலையைச் சுரண்டிவிட்டுப் போவார்களே, ஏறக்குறைய அப்படித்தான். சுரண்டிய சாலையில் அன்றே கனரக வண்டிகளை விட்டால் என்ன ஆகுமோ, அதுதான் மே மாதம் முழுவதும் உங்கள் மகனின் முதுகில் நடந்திருக்கும். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வாரத்துக்கு இரண்டு நாள் நான்கு நான்கு ஓவர் வீசியிருந்தால்கூட இந்தத் திடீர் ஏற்றம் இருந்திருக்காது. பொதுத்தேர்வு ஆண்டில் விளையாட்டை அறவே நிறுத்திவிட்டு, மே மாதத்தில் சேர்த்து வைத்துப் பிடித்துவிடலாம் என்று நினைக்கும் நம் வழக்கம் படிப்புக்கு எவ்வளவு உதவுகிறதோ தெரியாது, எலும்புக்கு நிச்சயம் உதவுவதில்லை.

வலி ஏன் முகாமின் முதல் வாரத்தில் வராமல் மே மாதக் கடைசியில் வந்தது என்ற ஐயம் உங்களுக்கு எழலாம். ஆஸ்திரேலியாவின் ஜான் ஆர்ச்சர்ட் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒரே ஆட்டத்தில் 50 ஓவருக்கு மேல் வீசிய வேகப்பந்து வீச்சாளர்களை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். காயம் அடையும் வாய்ப்பு அந்த ஆட்டத்தோடு முடிந்துவிடவில்லை. அதன் பிறகு மூன்று நான்கு வாரங்கள் வரை உயர்ந்தே இருந்தது. எனவே வலி தொடங்கிய நாளில் என்ன செய்தான் என்று தேடுவதைவிட, அதற்கு ஒரு மாதம் முன்பு என்ன செய்தான் என்று தேடுவதே பயன் தரும். “நேற்று நன்றாகத்தானே வீசினான்” என்று பயிற்சியாளர் சொன்னால் அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது எதற்கும் சான்று ஆகாது.

இந்த வாரச் சுமையை முந்தைய நான்கு வாரச் சராசரியால் வகுத்து, பச்சை, சிவப்பு என்று காட்டும் செயலிகள் இப்போது அகாடமிகளில் புழங்குகின்றன. அந்த விகிதத்துக்கு ஒரு காலத்தில் பெரிய மதிப்பு இருந்தது. அண்மை ஆண்டுகளில் அதன் கணித அடிப்படையையே ஆய்வாளர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். பச்சை விளக்கை நம்பி யாரும் வலியோடு வீச வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, தேதி, எங்கே, எத்தனை பந்து, மறுநாள் காலை முதுகு எப்படி என்று நான்கு கட்டம் போட்டு அவனையே எழுதச் சொல்லுங்கள். என் அனுபவத்தில் அது போதும்.

ஐஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓய்வு, ஐஸ், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து 1978-இல் எழுதிப் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பின்னாளில் அவரே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். ஐஸ் வலியைச் சிறிது நேரம் மரக்கச் செய்யும், அவ்வளவே; முதுகின் ஆழத்தில் இருக்கும் எலும்புப் பாலத்துக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. மாத்திரையின் கதையும் இதுதான். வலி என்ற ஒரே எச்சரிக்கையை அணைத்துவிட்டு அதே சுமையை ஏற்றுவது ஆபத்தானது. உங்கள் மாமியார் வெதுவெதுப்பான எண்ணெயை இதமாகத் தடவிவிட்டால் தவறில்லை, பிள்ளைக்கும் ஆறுதலாக இருக்கும். சுளுக்கு எடுக்கிறேன் என்று முதுகில் முழங்காலை வைத்து அழுத்துவதும், பின்னுக்கு வளைத்துச் சொடக்கு எடுப்பதும் மட்டும் கூடவே கூடாது.

வேகம் போய்விடும் என்ற அச்சத்துக்கு, சென்னைக்கு நெருக்கமான ஒருவரையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973-இல் மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தின்போது இதே கீழ் முதுகெலும்பில் அழுத்த முறிவு, அதாவது மீண்டும் மீண்டும் ஏறும் சுமையால் விழும் முறிவு, ஏற்பட்டது. உடலைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தார். கிரிக்கெட் முடிந்தது என்றே பலரும் எண்ணினர். நீண்ட ஓய்வும் ஒழுங்கான உடற்பயிற்சியும் முடித்து 1974-75 ஆஷஸ் தொடருக்குத் திரும்பி 25 விக்கெட் எடுத்தார். ஓய்வு பெறும்போது 70 டெஸ்டுகளில் அவர் எடுத்திருந்தது 355 விக்கெட். 1987-இல் சென்னையில் எம்ஆர்எஃப் வேகப்பந்து அறக்கட்டளை தொடங்கியபோது நம் பையன்களுக்குப் பயிற்சி அளிக்க வந்தவரும் அவரே. நம் காலத்தில் பும்ராவும் முதுகுக் காயத்தால் 2022 இருபது ஓவர் உலகக்கோப்பையை இழந்து, 2023-இல் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் அணிக்குத் திரும்பினார். எல்லோருக்கும் இப்படி அமையும் என்று நான் உறுதி கூறவில்லை. ஆனால் 16 வயதில் இழக்கும் ஓர் அணித் தேர்வு, கவனிக்காமல் விட்ட ஒரு முறிவைவிடச் சிறியது.

எம்ஆர்ஐயில் வெறும் வீக்கம் மட்டும் இருந்தால் சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதங்களில் தேறலாம். கீறல் விழுந்திருந்தால் நான்கு முதல் ஆறு மாதம், சில வேளைகளில் அதற்கும் மேல் ஆகும். அதுவரை படுத்தே கிடக்க வேண்டியதில்லை. வலி இல்லாத அளவுக்கு நடை, நீச்சல், வயிறு மற்றும் இடுப்புத் தசைகளுக்கான பயிற்சி ஆகியவற்றைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுப்பார். எடைப் பயிற்சியால் உயரம் நின்றுவிடும் என்பதற்குச் சான்று இல்லை. சரியான முறையைக் கற்றுத்தருபவர் அருகில் இருந்தால், மருத்துவர் அனுமதித்த பிறகு தாராளமாகச் செய்யலாம். மறுபடி வீசத் தொடங்கும்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள், பாதி வேகத்தில், ஓரிரு ஓவரில் ஆரம்பித்து, முழு அளவுக்கு இரண்டு மூன்று மாதத்தில் ஏற வேண்டும். அந்த இடைவெளியில் அவன் பந்துவீசும் முறையைப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் கைபேசியில் படமெடுத்து, விவரம் தெரிந்த பயிற்சியாளரிடம் காட்டுங்கள். இடுப்பு ஒரு திசையிலும் தோள் வேறு திசையிலும் திரும்பும் கலப்பு முறைக்கும் முதுகு முறிவுக்கும் உள்ள தொடர்பை ஆஸ்திரேலிய ஆய்வுகள் 1980-களிலிருந்தே காட்டி வருகின்றன.

தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் காலை நெட்ஸ், பள்ளி, மாலை அகாடமி, இடையில் டியூஷன் என்று ஓடும் பிள்ளை எட்டு மணி நேரம் தூங்க வழியே இல்லை என்று ஊகிக்கிறேன். லாஸ் ஏஞ்சலீஸில் 112 பள்ளி விளையாட்டு வீரர்களிடம் செய்து 2014-இல் வெளியான ஆய்வில், எட்டு மணிக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு 1.7 மடங்கு இருந்தது. தூக்கக் குறைவுதான் காரணம் என்று அந்த ஒரு ஆய்வு நிறுவிவிடவில்லை. இருந்தாலும் வாரத்தில் மூன்று நாள் காலைப் பயிற்சியை விடுவது எனக்குச் சரியாகவே படுகிறது. ஓவர் கணக்கும் குறையும். சாப்பாட்டில் பால், கேழ்வரகு, முட்டை, நெத்திலி என எது உங்கள் வீட்டு வழக்கமோ அதைக் குறைவில்லாமல் கொடுங்கள். வெயில் கொளுத்தும் சென்னையிலும் வைட்டமின் டி குறைந்தவர்கள் ஏராளம் என்பதால், அதற்கும் ஒரு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

உங்களுக்குப் போரூர் தொலைவில்லை. ஸ்ரீ ராமச்சந்திராவில் விளையாட்டு மருத்துவத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது. அங்கோ, வேறு எங்கோ போகும்போது பழைய எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு, முகாம் தொடங்கிய தேதி, வலி தொடங்கிய தேதி, அந்த 72 ஓவர் கணக்கு எல்லாவற்றையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். பயிற்சியாளரிடம் மகனைச் சொல்ல விடாதீர்கள், அணியில் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் பாதியை மறைப்பான்; மருத்துவரின் சீட்டோடு நீங்களோ அவன் அப்பாவோ நேரில் போய்ச் சொல்லுங்கள். காலில் மரத்துப்போதல், பலவீனம், சிறுநீர் கழிப்பதில் தடை, படுத்திருந்தாலும் இரவில் எழுப்பும் வலி, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் முன்பதிவுக்குக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் சென்றுவிடுங்கள்.